படம் வரைந்து பாகம் குறித்தால் போதுமா?

(குறுவள மையக் கூட்டத்தில், தொடக்க மற்றும் உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, நரம்பு மண்டலம். பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் பாடம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள். "இது நமக்கு எதற்கு?" என்ற கேள்வி சிலருடைய முகத்திலேயே தெரிகிறது. தமிழோ கணக்கோ, நாம் நடத்தும் எந்தப் பாடமும் கடைசியில் போய்ச் சேரும் இடம் பிள்ளையின் நரம்பு மண்டலம்தான். அதில் ஒரு சின்னக் கோளாறு வந்தால் அதை முதலில் பார்க்கும் வாய்ப்பும் நமக்குத்தான் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்த ஒரு வாய்ப்பை நான் தவறவிட்டிருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாடத்துக்கு வருவோம்.

எது நரம்பு?

இந்தப் பாடம் தொடங்கும் நாளில் வகுப்பில் நான் கேட்கும் முதல் கேள்வி: "உங்கள் உடம்பில் நரம்பு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்." உடனே எல்லாரும் மணிக்கட்டைத் திருப்பி, பச்சையாகத் தெரியும் கோடுகளைக் காட்டுவார்கள். நீங்கள் எந்த வகுப்பில் கேட்டாலும் இதுதான் நடக்கும்.

பிள்ளைகள் மீது தவறில்லை. "ஊசி போட நரம்பே கிடைக்கவில்லை" என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். "கை நரம்பை அறுத்துக்கொண்டான்" என்று செய்தியில் வருகிறது. கோபத்தில் கத்துபவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கிறது. இவை எல்லாமே இரத்தக் குழாய்கள். பச்சையாகத் தெரிவது சிரை. பேச்சுத் தமிழில் நரம்பு என்ற சொல் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது. இதைத் தெளிவாக்காமல் நியூரான் படத்தைப் பலகையில் வரைந்தால், அந்தப் பிள்ளை மனத்தில் இரத்தம் ஓடும் குழாயை வைத்துக்கொண்டே நியூரானை மனப்பாடம் செய்யும்.

உண்மையான நரம்பைத் தொட்டுக் காட்ட ஓர் இடம் உண்டு. முழங்கையின் உட்பக்கம் மேசை விளிம்பில் இடித்தால் சுண்டு விரல் வரை சுரீரென்று ஷாக் அடித்தது போல ஓடுமே, அங்கே இருப்பது அல்நார் நரம்பு. மற்ற இடங்களில் தசைக்கு உள்ளே பாதுகாப்பாகப் போகும் அந்த நரம்பு, முழங்கையில் எலும்பை ஒட்டித் தோலுக்குக் கீழேயே வருகிறது. இடிப்பது முழங்கையில், சுரீர் என்பது சுண்டு விரலிலும் அதற்கடுத்த விரலின் ஒரு பாதியிலும். ஏன் கட்டைவிரலுக்குப் போகவில்லை என்று கேளுங்கள். அந்த நரம்பு உணர்வு கொண்டுவரும் பகுதி அது என்ற பதிலை நோக்கி வகுப்பே வந்துவிடும். நரம்பு என்பது பல ஆயிரம் ஆக்சான்களை ஒன்றாகக் கட்டிய கட்டு என்று அப்போது சொன்னால் புரிகிறது.

ஒரு நியூரானும் ஒரு வரிசைச் செங்கல்லும்

நியூரானுக்கு மூன்று பகுதிகள் என்பது நமக்குத் தெரியும். செல் உடலமான சைட்டான், செய்தியை வாங்கும் டெண்ட்ரைட்டுகள், செய்தியை அனுப்பும் ஆக்சான். பாடநூல் படத்தில் இவை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். நிஜத்தில் அளவு வேறு. இடுப்புப் பகுதியின் தண்டுவடத்திலிருந்து பாதத் தசைக்குப் போகும் ஒரு நியூரானின் செல் உடலம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத புள்ளி. அதன் ஆக்சானோ பெரியவர்களுக்கு ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். ஒரே ஒரு செல் இவ்வளவு நீளம்!

நரம்பில் செய்தி போவதை "கம்பியில் மின்சாரம் போவது போல" என்று நானும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுக்கச் சரியில்லை. ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்பக்கம், வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கிறது. தூண்டல் வந்ததும் ஓரிடத்தில் வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அந்த மாற்றம் பக்கத்து வாயில்களைத் திறக்கிறது. பிறகு பொட்டாசியம் அயனிகள் வெளியேறி அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இப்படியே நுனி வரை போகிறது.

இதற்கு நல்ல உதாரணம் செங்கல் வரிசை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கற்களைச் செங்குத்தாக வரிசையாக நிறுத்தி முதல் கல்லைத் தள்ளிவிடும் விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒவ்வொரு கல்லும் தன் எடையால் விழுகிறது. அதனால் நூறாவது கல்லும் முதல் கல்லைப் போலவே விழும், வேகம் தேயாது. மெல்லத் தொட்டால் முதல் கல்லே விழாது. ஓரளவுக்கு மேல் தள்ளினால் மொத்த வரிசையும் விழும், பாதியில் நிற்பதில்லை. நரம்புத் தூண்டலும் அப்படித்தான். அடுத்த தூண்டல் போக வேண்டுமானால் கற்களை மீண்டும் நிறுத்தி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆற்றல் வேண்டும். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்து முதல் பாடவேளையில் சுருண்டு உட்காரும் பிள்ளையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆக்சானைச் சுற்றி மயலின் உறை இருந்தால், தூண்டல் ஒரு ரான்வியர் கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவுகிறது, பாண்டி ஆட்டத்தில் கட்டம் தாண்டுவது போல. தடித்த மயலின் உறை கொண்ட இழையில் வேகம் வினாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் போகும். உறை இல்லாத மெல்லிய இழையில் வினாடிக்கு 1 மீட்டர் அளவுதான். கல்லில் கால் விரல் இடித்துக்கொண்டால் முதலில் சுருக்கென்று ஒரு வலி, சற்றுப் பிறகு விண் விண் என்று ஒரு வலி வருகிறதல்லவா? முதல் வலி வேகமான இழையில் வந்தது, இரண்டாவது வலி மெதுவான இழையில் வந்தது.

ஒரு காலத்தில் இந்த வேகத்தை அளக்கவே முடியாது என்று நினைத்தார்கள். 1850-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அளந்தார். வினாடிக்கு 30 மீட்டர் அளவில் வந்தது.

இடைவெளியில் என்ன நடக்கிறது?

ஒரு நியூரான் அடுத்த நியூரானைத் தொடுவதில்லை. நடுவில் மிக நுண்ணிய இடைவெளி இருக்கிறது. அந்த இணைப்புதான் சினாப்ஸ். அதைச் செய்தி எப்படித் தாண்டுகிறது? இதைக் கண்டறிந்த கதையைப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வேன். ஓட்டோ லூவி என்ற விஞ்ஞானி நள்ளிரவில் ஒரு கனவு கண்டு, எழுந்து ஒரு சோதனையைக் குறித்து வைத்துவிட்டுத் தூங்கினார். காலையில் பார்த்தால் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. அடுத்த இரவு மறுபடி அதே கனவு. இந்த முறை எழுந்து நேரே ஆய்வகத்துக்குப் போய்விட்டார். இது அவரே சொன்ன கதை. 1921-இல் நடந்த அந்தச் சோதனையில், ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயம் மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு நுனியிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் வெளிவருகிறது என்பது உறுதியானது. அதுதான் அசிட்டைல்கோலின். 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் உயிரோடு இருக்கத் தேவையான ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லலாம். கட்டுவிரியன் பாம்பின் நஞ்சு வேலை செய்வது நரம்பும் தசையும் சேரும் இந்த இணைப்பில்தான். நரம்பின் செய்தி தசைக்குப் போகாமல் போகிறது. இது பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கிறது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது வயிற்று வலி, கண்ணிமை தூக்க முடியாமல் சொருகுவது, விழுங்க முடியாமை, பிறகு மூச்சுத் தசையே செயலிழப்பது என்று போகும். காலையில் எழுந்து "வயிறு வலிக்குது, கண்ணைத் திறக்க முடியல" என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த வீட்டில் ஒருவருக்காவது இந்தச் சந்தேகம் வர வேண்டும். கீறுவதோ உறிஞ்சுவதோ கயிறு கட்டுவதோ கூடாது. உடனே மருத்துவமனை. பாம்பு நஞ்சு முறி மருந்து அங்கேதான் கிடைக்கும்.

மூளையும் வடமும்

மைய நரம்பு மண்டலம் என்பது மூளையும் தண்டுவடமும். பெரியவர்களின் மூளை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ. அதில் எத்தனை நியூரான்கள் என்பதற்கு 10,000 கோடி என்ற முழு எண்ணைப் பல நூல்கள் சொல்லிவந்தன. 2009-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ ஹூசெலும் அவர் குழுவினரும் எண்ணிப் பார்த்து ஏறத்தாழ 8,600 கோடி என்றார்கள். "விஞ்ஞானிகளே எண்ணித் திருத்துவார்களா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம், அதுதான் அறிவியல் என்றேன்.

மூளையை மூன்று உறைகள் மூடியிருக்கின்றன. டியூரா மேட்டர், அரக்னாய்டு, பையா மேட்டர். நடுவே மூளைத் தண்டுவடத் திரவம். உள்ளே பெருமூளை, அதன் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம், புலன் செய்திகளைப் பிரித்து அனுப்பும் தலாமஸ், பசி, தாகம், உடல் வெப்பம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ், பின்னால் சிறுமூளை, கீழே பான்ஸ், முகுளம். சுவாசமும் இதயத் துடிப்பும் முகுளத்தின் பொறுப்பு. பின்மண்டையில் அடிபடுவது ஏன் ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளின் தலையில் குட்டும் பழக்கம் நம்மில் இன்னும் யாருக்காவது இருந்தால், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது என்பது ஒரு காரணம், இந்தப் படம் இன்னொரு காரணம்.

பெருமூளையின் வலது பாதி உடலின் இடது பக்கத்தை இயக்குகிறது, இடது பாதி வலது பக்கத்தை. பக்கவாதம் வந்த தாத்தாவோ பாட்டியோ எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். இடது கை, கால் விழுந்துவிட்டது என்றால் மூளையில் எந்தப் பக்கம் பாதிப்பு என்று கேட்டால், பாடம் வீடு வரை போகும்.

சிறுமூளையின் வேலை உடல் சமநிலையும் அசைவுகளின் ஒருங்கிணைப்பும். இதற்குக் குடித்துவிட்டுத் தள்ளாடுபவரை உதாரணம் சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன், வகுப்பு சிரிக்கும். ஒரு முறை ஒரு பையன் மட்டும் சிரிக்காமல் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு சொல்வதில்லை. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது, ஒற்றைக் காலில் நொண்டி ஆடுவது, தலையில் குடம் வைத்து நடப்பது, இவை போதும்.

தண்டுவடம் என்ற சொல்லே நல்ல சொல். தேர் வடம் போல, முதுகுத் தண்டின் உள்ளே போகும் வடம். பெரியவர்களுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் நீளம். முதுகெலும்புத் தொடர் முழுக்க அது இல்லை, இடுப்புப் பகுதியின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அங்கிருந்து 31 இணை தண்டுவட நரம்புகள் கிளம்புகின்றன. கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திருவெலும்பில் 5, வால் எலும்பில் 1. கூட்டிப் பார்த்தால் 31 வரும். மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்புபவை 12 இணை கபால நரம்புகள். இவை இரண்டும் சேர்ந்தது புற நரம்பு மண்டலம்.

சூடான தோசைக்கல்லில் கை பட்டால் கை பின்னால் வந்த பிறகுதான் "ஆ!" என்கிறோம். உணர்ச்சி நரம்பு செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகிறது, அங்கேயே இடை நியூரான் வழியாக இயக்க நரம்புக்கு உத்தரவு போய்விடுகிறது. மூளைக்குத் தகவல் நகல் பிறகு போகிறது. தலைமையாசிரியர் வரும் வரை காத்திருக்காமல், விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடும் ஆசிரியர் மாதிரி. இதுதான் அனிச்சை வில்.

நம் விருப்பத்துக்கு உட்படாதது தானியங்கு நரம்பு மண்டலம். தேர்வு அறையில் வினாத்தாள் வரும்போது நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அது பரிவு நரம்புகளின் வேலை. சாப்பிட்டு அமைதியாக உட்கார்ந்தால் துடிப்பு குறைந்து செரிமானம் நடக்கிறது. அது எதிர்ப்பரிவு நரம்புகளின் வேலை. நாம் பிரம்பைத் தட்டிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாடு கேட்கும்போது, நமக்கெதிரே நிற்கும் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது, பெருக்குவதற்கு அல்ல.

செலவில்லாத மூன்று செயல்பாடுகள்

ஒன்று, அளவுகோல் விடுதல். 30 சென்டிமீட்டர் அளவுகோலை ஒருவர் மேலே பிடிக்க, கீழே இன்னொருவர் சுழிக் குறிக்கு நேரே விரல்களை விரித்து வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். 10 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.14 வினாடி, 15-இல் 0.17, 20-இல் 0.20, 25-இல் 0.23. இது இயற்பியலில் படிக்கும் தடையில்லா வீழ்ச்சிச் சமன்பாட்டிலிருந்தே வருகிறது. பிறகு அதே மாணவரைப் பேசவைத்துக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் அளவு கூடும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 0.2 வினாடியில் 2 மீட்டருக்கு மேல் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால், செல்பேசி பேசிக்கொண்டு வண்டி ஓட்டும் அண்ணனுக்கு அன்று இரவே வீட்டில் அறிவுரை கிடைக்கும்.

இரண்டு, கை அழுத்தம் கடத்துதல். 30 பேர் வட்டமாகக் கை கோத்து, கண்ணை மூடி, இடக்கையில் அழுத்தம் வந்ததும் வலக்கையால் அடுத்தவரை அழுத்த வேண்டும். என் வகுப்பில் முதல் சுற்று 11 வினாடி எடுத்தது, நான்காம் சுற்று 8 வினாடி. ஒருவருக்குக் கால் வினாடி அளவு. ஒரு கையிலிருந்து மூளைக்குப் போய் மறு கைக்கு வரும் பாதை 2 மீட்டருக்குள்தான். நரம்பின் வேகத்துக்கு அது நூறில் சில பங்கு வினாடி வேலை. மீதி நேரம் எங்கே போனது? சினாப்ஸ்களில், மூளை முடிவெடுப்பதில், தசை சுருங்குவதில். இந்தக் கேள்வியைப் பிள்ளைகளே கேட்கும் வரை காத்திருங்கள்.

மூன்றாவது தொடக்க வகுப்புக்கும் ஆகும். இரண்டு விளக்குமாற்றுக் குச்சிகளின் மழுங்கிய முனைகளைச் சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடியவரின் விரல் நுனியில் மெல்ல வையுங்கள். இரண்டு முனைகளுக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே பெரும்பாலும் "ரெண்டு" என்று சொல்லிவிடுவார்கள். முதுகில் 3 சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் "ஒண்ணு" என்பார்கள். எழுதுகிற, தடவிப் பார்க்கிற விரல் நுனிக்கு நரம்பு முனைகளும் அதிகம், மூளையில் ஒதுக்கிய இடமும் அதிகம். மணலில் எழுதுவது, மண்ணில் உருவம் பிடிப்பது, விதை கோப்பது எல்லாம் சும்மா பொழுதுபோக்கில்லை என்பது ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்கான காரணம் இதுதான்.

நான் தவறவிட்டது

இனி, முதலில் சொல்கிறேன் என்று சொன்ன விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி. வாசிக்கச் சொன்னால் நன்றாக வாசிப்பாள். நடுவில் திடீரென்று நிறுத்திவிடுவாள். எட்டு, பத்து வினாடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு வேறொரு வரியிலிருந்து தொடங்குவாள். கணக்கில் பாதி வரி போட்டு விட்டிருப்பாள். நான் திட்டியிருக்கிறேன். "எங்கே பராக்குப் பார்க்கிறாய்?" என்று நிற்கவைத்திருக்கிறேன். அவள் பதிவேட்டில் "கவனம் குறைவு" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தினேன். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கும் வினாவுக்கு எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள்.

ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்காரும் பிள்ளை வந்து சொன்னாள்: "சார், அவ பராக்குப் பாக்கல சார். கரண்டு போயிட்டு வர்ற மாதிரி நின்னுடுறா. கூப்பிட்டாலும் கேக்காது. கண்ணு மட்டும் படபடன்னு அடிக்கும்."

அடுத்த இரண்டு நாள் கடிகாரத்தை வைத்துக் கவனித்தேன். ஒரே முற்பகலில் ஆறு முறை. பெற்றோரை அழைத்துப் பேசி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். மருத்துவர் அவளைச் சில நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொல்லியிருக்கிறார். அங்கேயே அது வந்தது. மூளை மின்னலைப் பதிவில் உறுதியானது. குழந்தைப் பருவத்தில் வரும் ஒரு வகை வலிப்பு அது. கை கால் இழுப்பு இல்லை, விழுவதும் இல்லை. சில வினாடி நினைவு தப்புவது மட்டும்தான். பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும், ஒரு நாளில் பல முறை வரும். வீட்டில் ஓடியாடும் பிள்ளையிடம் தெரியாது. தொடர்ந்து வாசிக்க, எழுத வைக்கும் இடத்தில்தான் தெரியும். அதாவது நம்மிடம்.

மருந்து தொடங்கிச் சில வாரங்களில் நின்றது. நான் அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். "எதுக்குத் திட்டுறீங்கன்னு எனக்கே தெரியாது சார்" என்றாள். அந்த வினாடிகள் அவளுக்கு நினைவில் இல்லை. நிற்கவைத்தது மட்டும் நினைவில் இருந்தது.

வலிப்பு என்றால் என்ன?

பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்கிறேன். வகுப்பில் முப்பது பேர் தனித்தனியாக முணுமுணுத்துப் படிக்கும்போது ஒரு சத்தம் இருக்கும். அது இயல்பான மூளை. முப்பது பேரும் ஒரே நேரத்தில் மேசையைத் தட்டத் தொடங்கினால்? யாரும் படிக்க முடியாது. மூளையின் ஒரு பகுதியிலோ முழுவதிலுமோ நியூரான்கள் இப்படி ஒரே நேரத்தில் தூண்டப்படுவதுதான் வலிப்பு. அது பேயும் இல்லை, சாபமும் இல்லை, தொற்றும் இல்லை. 1924-இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்த பிறகு, இதைக் கோடாகவே பார்க்க முடிகிறது.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான மருத்துவம் கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் வலிப்புக்கு ஒரு முக்கியக் காரணம், நாடாப்புழுவின் முட்டை உணவிலும் கையிலும் ஒட்டி உள்ளே போய், அதன் இளம்புழு மூளையில் தங்குவது. கை கழுவுதல், காய்கறியைக் கழுவுதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல் என்று நாம் இறைவணக்கக் கூட்டத்தில் சொல்வதற்கும் இந்தப் பாடத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

கை கால் இழுக்கும் வலிப்பு வகுப்பில் வந்தால் செய்ய வேண்டியவை:

1. நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே நிற்கும்.
2. பக்கத்தில் உள்ள பெஞ்சு, கல், கூரான பொருள்களை அகற்றுங்கள். தலைக்குக் கீழே பையையோ துண்டையோ மடித்து வையுங்கள். கழுத்து அட்டையையும் சட்டைப் பொத்தானையும் தளர்த்துங்கள்.
3. இழுப்பு குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடியட்டும்.
4. கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்க வேண்டாம். முழு நினைவு வரும் வரை தண்ணீர் கொடுக்க வேண்டாம்.
5. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, முதல் முறை வருவதானாலோ, அடிபட்டிருந்தாலோ 108-ஐ அழையுங்கள்.
6. மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு ஒருவர் கூடவே இருங்கள். எழும்போது ஆடை நனைந்திருக்கலாம். அதை யாரும் பார்க்காமல் மாற்ற உதவுங்கள். நான்கு பேர் பார்த்துச் சிரித்தால், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது.

இரும்புச் சாவி? கேட்பீர்கள் என்று தெரியும். நானும் கொடுத்திருக்கிறேன், ஒரு முறை பள்ளி அலமாரிச் சாவிக்கொத்தையே. தானாக நிற்கப்போகும் வலிப்பு, சாவி கொடுத்த பிறகு நின்றால் சாவிக்குப் பெயர் வருகிறது. அவ்வளவுதான். இழுக்கும் கையில் கூரான இரும்பைத் திணித்தால் காயம்தான் மிச்சம். "பின் வந்ததால் முன்னது காரணம் ஆகுமா?" என்று அறிவியல் வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த மாணவியின் தாய் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் ஆகுமா சார்?" இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது உண்மை. 1999-இல் செய்த திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். இதைச் சொன்னேன். சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டது, ஊர் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. அதைப் போக்கும் இடம் வகுப்பறை என்பதால்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று

நாய்க்கடி. வெறிநாய்க்கடி நோயின் வைரஸ் கடித்த இடத்திலிருந்து நரம்புகள் வழியாகவே மூளையை நோக்கிப் போகிறது. போய்ச் சேர்ந்து அறிகுறி தெரிந்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. போய்ச் சேரும் முன் தடுக்க நமக்கு நேரம் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் தடவக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும், எல்லாத் தவணையையும் முடிக்க வேண்டும். வீட்டில் திட்டுவார்கள் என்று கடியை மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "நாய் பிராண்டினால்கூட டீச்சரிடம் சொல்ல வேண்டும்" என்ற ஒரு வரியை ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். புற நரம்பு, மைய நரம்பு என்ற பெயர்களைப் பத்தாம் வகுப்பில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

படம் வரைவதை நான் குறை சொல்லவில்லை. என் மாணவர்கள் இன்றும் நியூரானை வரைகிறார்கள், பாகம் குறிக்கிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். நான் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். என் மேசைப் பதிவேட்டில் "கவனம் குறைவு" என்று எழுதுவதற்கு முன், எப்போது, எத்தனை முறை, எத்தனை வினாடி என்று ஒரு வாரம் குறித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது தூக்கமின்மை, பசி, பார்வைக் குறைவு, காது மந்தம், சில நேரம் வெறும் குறும்பு. எப்போதாவது ஒரு முறை அது வேறாக இருக்கலாம். அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை நடு வரியில் நின்றால், திட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்.